தொண்டருக்கு அருவி எதற்கு?

ஊருக்கு உழைக்க வந்தவர் ஒரு நாள் அருவியில் குளிக்கப் போனால் அது குற்றமா?

அந்நிய நாட்டில் தொண்டு செய்யப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. "ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று விமானம் ஏறியவர், அங்கே அருவிக் கரையில் நின்று படம் எடுத்துக் கொள்கிறாரே! இதற்குப் பெயர் தொண்டா, உல்லாசப் பிரயாணமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தொண்டு என்ற பெயரால் ஊர் சுற்றுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, உண்மையாக உழைக்கிற ஒருவரின் ஓய்வு நாளையும் சேர்த்துப் பழிப்பது சரியாகாது. தொண்டர் அருவிக்குப் போகலாம். இன்னும் சொல்லப் போனால், போகத்தான் வேண்டும். அவர் எப்படிப் போகிறார், யாரோடு போகிறார், போய் வந்து என்ன சொல்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வகுப்பறையில் தெரியாத அவருடைய குணம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

இதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டையே உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

மூன்று நோக்கங்கள்

1961ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். 'பீஸ் கோர்' என்னும் சமாதானப் படை அன்று பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அதை நிலைநிறுத்தியது. துப்பாக்கி இல்லாத படை அது. ஆசிரியர்களும், மருத்துவத் துறை ஊழியர்களும், விவசாயம் தெரிந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். இதுவரை 2,40,000 பேருக்கு மேல் அதில் சேர்ந்து, 140க்கும் அதிகமான நாடுகளில் பணி புரிந்திருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் மட்டும்தான் இப்படிப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். அதற்கு முன்பே, 1958ல், இங்கிலாந்தில் அலெக் டிக்சன் தம்பதியர் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1970ல் ஐக்கிய நாடுகள் சபை தனக்கென்று ஒரு தொண்டர் திட்டத்தை ஏற்படுத்தியது. அந்தத் திட்டத்தில் பணி புரிகிறவர்களில் பெரும்பாலோர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியர்களும் அவர்களில் உண்டு.

இந்தியா தொண்டர்களை அனுப்பியும் இருக்கிறது; வரவேற்றும் இருக்கிறது. 1961 முதல் 1976 வரை சமாதானப் படையினர் இந்தியாவில் வேலை செய்தார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் அம்மையார், 1966ல், தம் 68ஆவது வயதில், பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஆகவே விருந்தாளியின் கூச்சமும் நமக்குத் தெரியும். வீட்டுக்காரரின் சங்கடமும் நமக்குத் தெரியும்.

சமாதானப் படைக்கு மூன்று நோக்கங்கள் வகுக்கப்பட்டன. முதலாவது, கேட்கிற நாட்டுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைக் கொடுத்து உதவுவது. இரண்டாவது, அமெரிக்கர்களை அந்த நாட்டு ஜனங்கள் சரியாகப் புரிந்துகொள்ளச் செய்வது. மூன்றாவது, அந்த நாட்டு ஜனங்களை அமெரிக்கர்கள் சரியாகப் புரிந்துகொள்ளச் செய்வது.

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றில் ஒன்றுதான் வேலையைப் பற்றியது. மற்ற இரண்டும் மனிதரை மனிதர் அறிவது பற்றியவை. வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று முதல் நோக்கத்தை நிறைவேற்றிவிடலாம். மற்ற இரண்டையும் எங்கே நிறைவேற்றுவது? சந்தையில், சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்!

கானாவுக்கு வந்தவர்கள்

கானா 1957ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி சுதந்திரம் அடைந்தது. புதிய தேசம், பள்ளிக்கூடங்கள் பெருகின, ஆசிரியர்கள் போதவில்லை. அந்நாட்டுத் தலைவர் க்வாமே நிக்ரூமா, முக்கியமாக ஆசிரியர்களை அனுப்புமாறு கேட்டார். 1961 ஆகஸ்ட் 30ஆம் தேதி, சமாதானப் படையின் முதல் கோஷ்டி அக்ரா விமான நிலையத்தில் வந்து இறங்கியது. இறங்கியதும் அந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்நாட்டு ட்வி மொழியில் ஒரு பாட்டைப் பாடினார்கள். உச்சரிப்பு எப்படி இருந்திருந்தால் என்ன? கேட்டவர்கள் மனம் குளிர்ந்தது. உதவி செய்ய வந்தவர்கள், முதலில் தாங்கள் கற்றுக்கொண்டதை ஒப்பித்துக் காட்டினார்கள் அல்லவா? தொண்டுக்கு அதைவிட நல்ல ஆரம்பம் இருக்க முடியாது.

இந்தத் தொண்டர்களுக்குச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அந்த ஊர் ஜனங்களைப் போல் வாழ்வதற்கு வேண்டிய ஜீவனப்படி கொடுக்கப்படுகிறது. பயிற்சிக்கு ஏறக்குறைய மூன்று மாதம், பணிக்கு இரண்டு வருஷம் என்று கணக்கு. பணிக் காலத்தில் மாதத்துக்கு இரண்டு நாள் வீதம் விடுமுறை சேரும்.

எனவே தொண்டர் அருவிக்குப் போகிற நாள் யாரையும் ஏமாற்றித் திருடிய நாளாகாது. நியாயமாகச் சேர்ந்த விடுமுறை நாள் அது. அல்லது பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை.

அருவிக்குப் போகும் வழி

கானாவின் கிழக்கெல்லையில், டோகோ நாட்டை ஒட்டி, வோல்ட்டா மாநிலத்தில் ஹோஹோய் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் விளி என்னும் சிற்றூர். கானாவிலேயே உயரமான அருவி அங்கேதான் விழுகிறது. அருவிக்கு அகுமாட்சா என்றும் பெயர். 'என்னை ஓட விடு' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு என்ன இருக்க முடியும்?

அந்த வட்டாரத்துப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் ஒரு தொண்டர், விடுமுறை நாளில் விளிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்பாடு செய்த கார் அவருக்குக் கிடையாது. 'ட்ரோட்ரோ' என்னும் வாடகை வேனில்தான் போக வேண்டும். அந்த வண்டிக்குக் கால அட்டவணை இல்லை. ஆள் நிரம்பினால் புறப்படும், நிரம்பாவிட்டால் நிற்கும். அரை மணியோ, இரண்டு மணியோ, உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை. மடியில் அடுத்தவர் குழந்தை. கதவருகே நின்று ஊர்ப் பெயரைக் கூவி ஆள் சேர்க்கிற பையன், ஏறுகிறவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பான்.

கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நாட்டிலிருந்து வந்தவருக்கு இதுவே பெரிய பாடம். வகுப்பறையில் மணி அடித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தவர், இங்கே தாமே மாணவனாக உட்கார்ந்திருக்கிறார்.

விளியில் இறங்கியவுடன் ஓடிப் போய் அருவியில் குதித்துவிட முடியாது. முதலில் ஊரார் வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெயரை எழுதிக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். பிறகு முக்கால் மணி நேரம் காட்டுப் பாதையில் நடை. ஒரே ஆறு வளைந்து வளைந்து குறுக்கே வந்துகொண்டிருக்கும்; அதன் மேல் ஒன்றன் பின் ஒன்றாகச் சிறு பாலங்கள். பாதையின் இரு புறமும் மரங்கள் அடர்ந்திருக்கும். அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சாரல் முகத்தில் வந்து படும்.

பாறையில் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடப்பது போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் பழந்தின்னி வௌவால்கள்! ஆயிரக்கணக்கில் தொங்கும். இராத்திரியில் வெகுதூரம் பறந்து பழம் தின்று, விதைகளை ஆங்காங்கே உதிர்த்துக் காட்டை வளர்க்கிற ஜீவன்கள் அவை. விஞ்ஞான ஆசிரியருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? திங்கட்கிழமைப் பாடம் அங்கேயே தயாராகிவிடும்.

அருவிக்கு அடியில் நிற்பவருக்குப் பேச்சு எழாது. எழுந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. மழைக் காலத்தில் தண்ணீர் முதுகில் விழுகிற வேகத்தில் நிமிர்ந்து நிற்பதே கடினம். டிசம்பருக்குப் பிறகு சஹாராப் பாலைவனத்திலிருந்து புழுதிக் காற்று வீசத் தொடங்கி மழை ஓய்ந்ததும், தண்ணீர் மெலிந்து போகும். ஊர் ஜனங்கள் அருவியை இந்த இரண்டு கோலத்திலும் அறிந்தவர்கள். ஒரு நாள் வந்து போகிறவர் அறிந்தது ஒரு கோலத்தை மட்டும்தான். தம் அறிவுக்கும் அவர்கள் அறிவுக்கும் உள்ள தூரத்தை, வகுப்பறையில் அல்ல, அங்கே நின்றுதான் தொண்டர் உணர்வார்.

கொடுப்பவர் யார்?

தொண்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. எப்போதும் கொடுக்கிற கை மேலே இருக்கிறது. வாங்குகிற கை கீழே இருக்கிறது. இரண்டு வருஷம் ஒருவர் கொடுத்துக்கொண்டே இருந்தால், தாம் உயர்ந்தவர் என்ற எண்ணம் அவரை அறியாமலே தலைக்கு ஏறிவிடும். வாங்குகிறவர்கள் மனத்திலோ ஒரு கசப்பு சேரும். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ உதவிகள் இந்தக் கசப்பினால்தான் கெட்டுப் போயிருக்கின்றன.

அருவிக்குப் போகிற நாளில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வழி தெரிந்தவர் அந்த ஊர்க்காரர், தெரியாதவர் தொண்டர். எந்தப் பாறை வழுக்கும், எந்த மேகம் மழை கொண்டு வரும், எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவர் அந்த வழிகாட்டி. கேட்டு நடக்கிறவர் தொண்டர். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவன்கூட, அருவிப் பாதையில் தன் ஆசிரியருக்கு ஆசிரியனாகிவிடுவான். அந்தப் பையனுக்கு அதனால் வருகிற பெருமையைப் பாடப் புத்தகம் எதுவும் தர முடியாது.

வழியில் யாராவது சாப்பிட்டுக் கொண்டிருந்தால், "வாருங்கள், சாப்பிடலாம்" என்று அழைப்பது கானாவின் வழக்கம். முன்பின் தெரியாதவரையும் அழைப்பார்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய 'அக்ப்ளே' களியும் வெண்டைக்காய்க் குழம்பும் அந்தப் பக்கத்துச் சாப்பாடு. வலது கையால்தான் உண்ண வேண்டும். இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதைக் குறைவு. தமிழருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை; அமெரிக்கருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பவர்கள் அந்த ஊர்க் கிழவிகள்.

அங்கே ஒருவர் பிறந்த கிழமையை வைத்தே பெயர் அமைவது உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோஃபி. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த கானா நாட்டுக் கோஃபி அன்னானின் பெயர் அப்படி வந்ததுதான். தொண்டருக்கும் ஊரார் அவர் பிறந்த கிழமையைக் கேட்டு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். சிறு பிள்ளைகள் புதிதாக வந்த வெள்ளையரைக் கண்டால் "யெவு! யெவு!" என்று கூவுவார்கள். 'வெள்ளைக்காரர்' என்று பொருள். அதே பிள்ளைகள் ஒரு நாள் கிழமைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, தொண்டர் அந்த ஊரில் ஓர் ஆளாகிவிட்டார் என்று அர்த்தம். வேலையினால் மட்டும் அந்தப் பெயர் கிடைப்பதில்லை. கூட நடந்து, கூடச் சாப்பிட்டு, கூட நனைந்தால்தான் கிடைக்கும்.

ஒரு தபால் அட்டையின் கதை

இதற்கு எதிர்மாறாக நடந்த ஒரு சம்பவத்தையும் நினைவுபடுத்துவது நல்லது. அது சமாதானப் படை தோன்றிய அதே 1961ஆம் ஆண்டில் நடந்தது.

அக்டோபர் மாதம். கானாவிலிருந்து அதிக தூரம் இல்லாத நைஜீரியா நாட்டில், இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் தொண்டர்கள் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் இளம் பெண் தம் ஊரில் உள்ள நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். அந்த ஊரின் வாழ்க்கை வசதிகளைத் தாழ்வாகச் சொல்லும் வார்த்தைகள் அதில் இருந்தன. அட்டை தபாலில் சேர்வதற்கு முன் எப்படியோ மாணவர்கள் கையில் கிடைத்துவிட்டது. கல்லூரியே கொதித்து எழுந்தது. கண்டனக் கூட்டம் நடந்தது. உலகப் பத்திரிகைகளில் எல்லாம் செய்தி வந்தது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது.

அவர் கெட்டவர் அல்ல. வந்த புதிதில் கண்ணில் பட்டதை எழுதினார். ஆனால் எழுதியவர் மறந்துபோன ஒன்று உண்டு: பார்க்கப்படுகிறவர்களுக்கும் கண் இருக்கிறது, அவர்களும் படிக்கிறார்கள்.

அன்று ஓர் அட்டை, இன்று கைப்பேசி. அருவிக்குப் போகிறவர் கையில் அது இல்லாமல் இருக்காது. பாதையோரத்தில் நிற்கிற குழந்தைகளை, அவர்களைப் பெற்றவர்களைக் கேட்காமலே படம் எடுத்து, "பாவம், இவர்களுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் சிரிக்கிறார்கள்" என்று எழுதி உலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் ஆற்றில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களாக இருக்கலாம். நல்ல சட்டை வீட்டில் இருக்கலாம். தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லையா? தன் பிள்ளையை அந்நியர் ஒருவர் கேளாமல் படம் பிடித்தால் எந்தத் தகப்பன் பொறுத்துக்கொள்வான்?

படம் எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டு எடுக்கலாம். எடுத்ததைக் காட்டலாம். அச்சிட்டு அடுத்த முறை கொண்டு வந்து கொடுக்கலாம். இப்படிச் செய்தால் அதே படம் இரு வீட்டுச் சுவரிலும் தொங்கும்.

ஆழம் அறியாமல்...

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. அந்நிய நாட்டு நீர்நிலைகளில் இது இரு மடங்கு உண்மை.

கானாவில் பெரிய நீர்நிலை வோல்ட்டா ஏரி. 1965ல் அக்கோசோம்போ அணை கட்டி முடிந்தபோது உண்டான செயற்கை ஏரி அது. ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. ஏறக்குறைய 80,000 ஜனங்கள் வீடு வாசலை விட்டு வேறிடம் போக நேர்ந்தது. அதோடு இன்னொரு தீமையும் வந்தது. ஓடுகிற ஆறு நின்ற நீரானதும், கரையோரப் பாசியில் ஒரு வகை நத்தை பெருகியது. அந்த நத்தையின் உடலில் வளர்கிற நுண்ணிய புழு, தண்ணீரில் இறங்குகிற மனிதரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பில்ஹார்சியா என்பது அந்த நோயின் பெயர். சிறுநீரில் இரத்தம் போகும். கவனிக்காமல் விட்டால் உள்ளுறுப்புகள் கெடும். ஏரிக் கரைக் கிராமங்களில் குழந்தைகளை இந்த நோய் வெகுவாகப் பீடித்தது. இதற்குப் 'பிராசிகுவான்டெல்' என்ற நல்ல மருந்து உண்டு. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே மருந்து?

வேகமாக விழுகிற நீரைவிட, தேங்கி நிற்கிற நீரிலும் கோரை அடர்ந்த கரையிலும்தான் இந்த அபாயம் அதிகம். எது எப்படிப்பட்ட நீர் என்று ஊராரையும் டாக்டரையும் கேட்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம். கேளாமல் இறங்கினால், குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாகிவிடும்.

இன்னொரு துயரமும் நினைவில் நிற்க வேண்டியது. கானாவின் நடுப்பகுதியில் கிண்டாம்போ என்ற ஊரில் ஒரு புகழ்பெற்ற அருவி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. உல்லாசமாகப் பொழுது போக்க வந்தவர்கள் அருவியில் குளித்துக் கொண்டிருந்தபோது புயல் மழை பிடித்தது. மேலிருந்து ஒரு பெரிய மரம் சரிந்து அவர்கள் மேல் விழுந்தது. பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அருவிக்குப் போகிற எந்த ஆசிரியரும் இதை மறக்கக் கூடாது. வானம் கறுத்தால், எவ்வளவு ஆசையாக வந்திருந்தாலும், திரும்பி நடக்க வேண்டியதுதான். வழிகாட்டி 'வேண்டாம்' என்றால் அதற்கு மேல் வாதம் இல்லை.

கானாவில் பல இடங்களில் ஆற்றையும் அருவியையும் தெய்வம் உறையும் இடமாகக் கருதுகிறார்கள். இன்ன நாளில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் சில இடங்களில் உண்டு. கடற்கரை மீனவர்கள் பலர் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதில்லை. விஞ்ஞானம் படித்தவருக்கு இதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பூஜை அறைக்குள் செருப்போடு நுழைய விஞ்ஞானம் அனுமதி கொடுக்கவில்லை. ஊரோடு ஒத்து வாழ்வது என்பது இதுதான்.

காசுக் கணக்கு

"அதெல்லாம் சரி. ஏழை ஊரில் இருந்துகொண்டு பொழுதுபோக்குக்குப் பணம் செலவழிக்கலாமா?" என்று கேட்கலாம். இதற்கும் பதில் உண்டு.

அருவியைப் பார்க்க வருகிறவர்கள் வெளிநாட்டார் மட்டும் அல்ல. பண்டிகை விடுமுறைகளில் கானா ஜனங்களே பள்ளிக்கூடமாகவும், மாதா கோவில் கூட்டமாகவும், குடும்பமாகவும் திரளாக வருகிறார்கள். பொழுதுபோக்கு என்பது பணக்கார நாட்டாரின் தனிச் சொத்து என்று நினைப்பதே ஒரு வகை அகம்பாவம்.

மேலும், செலவழிக்கிற காசு யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ட்ரோட்ரோக் கூலி ஓட்டுநருக்கும் கூவுகிற பையனுக்கும் போகிறது. நுழைவுக் கட்டணம் அருவிக்கு உடையவர்களின் பராமரிப்பில் சேர்கிறது. வழிகாட்டிக்கு அன்றைய கூலி கிடைக்கிறது. வறுத்த வாழைக்காய் விற்கிற அம்மாளுக்கு நாலு காசு கிடைக்கிறது. தானமாகக் கொடுத்தால் வாங்குகிறவர் தலை குனிய வேண்டியிருக்கும். இங்கே யாரும் தலை குனியவில்லை. உழைத்தார்கள், கூலி பெற்றார்கள்.

விளிக்குத் தெற்கே, அதே வோல்ட்டா மாநிலத்தில் தாஃபி அட்டோமே என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு வகைக் குரங்குகளைத் தெய்வாம்சம் உள்ளவையாகக் கருதி ஜனங்கள் காப்பாற்றி வந்தார்கள். காலம் மாறியது, பழைய நம்பிக்கை தளர்ந்தது, காடு குறைந்தது, குரங்குகளும் குறைந்தன. 1990களில் சமாதானப் படைத் தொண்டரும் ஊராரும் சேர்ந்து, அந்தக் காட்டைச் சரணாலயமாகப் பாதுகாத்து, பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கி, அதை ஊருக்கே செலவிடும் ஏற்பாட்டுக்கு வழி செய்தார்கள். இன்றும் குரங்குகள் அங்கே மரத்துக்கு மரம் தாவுகின்றன. ஆகவே, பார்க்க வருவது என்பதே ஓர் ஊருக்கு நன்மையாகவும் முடியலாம். கட்டணம் கேட்கிறவரிடம், "நான் உங்களுக்குத் தொண்டு செய்ய வந்தவன், எனக்கும் கட்டணமா?" என்று தர்க்கம் செய்கிற தொண்டர், அந்த நன்மையின் அடிவேரில் கை வைக்கிறார்.

நாளை என்ற நாள்

"முதலில் வேலை, ஊர் பார்ப்பதெல்லாம் கடைசியில்" என்று ஒதுக்கி வைக்கிற கடமை வீரர்களும் உண்டு. அவர்கள் மேல் மரியாதை வருகிறது. ஆனால் அவர்கள் வழி சரியான வழிதானா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்ததைப் பாருங்கள். கொரோனா நோய் உலகமெங்கும் பரவியது. சமாதானப் படை, தன் வரலாற்றில் முதன்முறையாக, எல்லா நாடுகளிலிருந்தும் எல்லாத் தொண்டர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏறக்குறைய 7,000 பேர் சில நாட்களுக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட நேர்ந்தது. பலருக்கு மாணவர்களிடமும் அண்டை வீட்டாரிடமும் சரியாக விடை பெறக்கூட நேரம் இல்லை. 2022ல்தான் தொண்டர்கள் மறுபடியும் வெளிநாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள்.

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப் போட்டவர்களுக்கு அந்தக் கடைசி வரவே இல்லை. அவர்கள் இழந்தது அருவியை மட்டும் அல்ல. அந்த ஊர் மனிதர்களோடு, வேலை என்ற சாக்கு இல்லாமல், சும்மா கழித்திருக்கக் கூடிய ஒரு நாளையும் இழந்தார்கள். வேலையைப் பற்றிய அறிக்கையை எந்த ஊரில் உட்கார்ந்தும் எழுதி முடித்துவிடலாம். அந்த நாளை எங்கே போய்த் தேடுவது?

என்ன செய்ய வேண்டும்?

தொண்டர்களை அனுப்புகிற அமைப்புகள், பயிற்சிக் காலத்தில் மொழியும் வேலையும் சொல்லிக் கொடுப்பது போல, விடுமுறை நாளை எப்படிக் கழிப்பது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்த நீரில் இறங்கலாம், யாரைக் கேட்டுப் படம் எடுக்கலாம், எங்கே கட்டணம் செலுத்த வேண்டும் என்பவை அற்ப விஷயங்கள் அல்ல. இபாதானில் ஓர் அட்டை ஒரு படையையே தலைகுனிய வைத்தது. கிண்டாம்போவில் ஒரு மரம் இத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்தது. சின்ன விஷயம் எது, பெரிய விஷயம் எது என்று முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்?

தொண்டர்களும் ஒன்று செய்யலாம். தங்கள் நாட்டவர்களாகவே நாலு பேர் கூடிக்கொண்டு, தங்கள் மொழியையே பேசி, தங்கள் தீனியையே தின்று திரும்பினால், அருவி எந்த நாட்டில் இருந்தால் என்ன? கூட வேலை செய்யும் அந்த ஊர் ஆசிரியரை அழைத்துக்கொண்டு போகட்டும். பக்கத்து வீட்டுக் குடும்பத்தைக் கேட்கட்டும். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், பயணச் செலவுக்கு வழியில்லாமல் இதுவரை அந்த அருவியைப் பார்க்காத ஒருவர் அவர்களில் இருக்கலாம். அவரோடு சேர்ந்து நனைவது தொண்டில் சேராது என்று யார் சொல்வது?

குறை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "தொண்டருக்கு அருவி எதற்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "யாரோடு போனார்? யாரைக் கேட்டு இறங்கினார்? யாருக்குக் கூலி கொடுத்தார்? திரும்பி வந்து அந்த ஊரைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்கட்டும். இந்த நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்ல முடிந்தவர், அன்று முழுவதும் தண்ணீரில் கிடந்திருந்தாலும், தம் வேலையை விட்டு ஒரு மணி நேரம்கூட விலகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தொண்டர் எத்தனை பாடம் நடத்தினார் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பதிவேடு சொல்லும். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை, அவர் ஊர் திரும்பிப் பல வருஷங்களுக்குப் பிறகும், அவரோடு அந்தக் காட்டுப் பாதையில் நடந்தவர்கள்தான் சொல்வார்கள்.